பழி யாருக்குரியது? போர்க்காலப் பெண்களும் வரலாறு தரும் படிப்பினையும்



போர்களின் வரலாற்றை எழுதுவோர், படை புறப்பட்ட நாளையும் நகரம் வீழ்ந்த நாளையும் தவறாமல் குறித்து வைப்பர். மாண்டோரின் தொகையையும் எழுதி வைப்பர். ஆனால் வீழ்ந்த நகரத்துப் பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்ற செய்தி பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடும்; பல நூல்களில் அந்த ஒரு வரியும் இராது. இது வரலாற்றாசிரியர்களின் மறதியால் மட்டும் நேர்ந்ததன்று. பாதிக்கப்பட்ட பெண் அச்சத்தால் வாய் திறக்கவில்லை. அவளுடைய குடும்பம் மானத்துக்கு அஞ்சிப் பேச விடவில்லை. ஊரோ கேட்க விரும்பவில்லை. இம்மூன்று மௌனங்களுக்கும் இடையில் குற்றவாளி நிம்மதியாக உறங்கினான்.

நம் மொழியிலும் இந்த மௌனத்துக்குத் துணை நின்ற ஒரு சொல் உண்டு. இக்கொடுமையைப் பத்திரிகைகளும் பழைய நூல்களும் நீண்ட காலமாகக் ‘கற்பழிப்பு’ என்றே எழுதி வந்தன. அச்சொல்லைச் சற்று உற்று நோக்குங்கள். இன்னொருவன் செய்த அக்கிரமத்தால் இவளிடமிருந்த ஏதோவொன்று அழிந்துவிட்டது என்று அது தீர்ப்புக் கூறுகிறது. கொள்ளையடிக்கப்பட்ட வீட்டுக்காரனின் நேர்மை அழிந்தது என்று எவரேனும் சொல்வதுண்டா? குற்றத்தைச் செய்தவன் ஒருவன். குறைபட்டவளாகக் கருதப்படுபவள் வேறொருத்தி. ஆகவேதான் இக்கட்டுரையில் அச்சொல்லைத் தவிர்த்து, ‘பாலியல் வல்லுறவு’ என்ற சொல்லையே கையாளுகிறோம்.

இங்கு நாம் ஆராயப் போவது ஒரேயொரு கேள்வியை: அந்தப் பழி யாருக்குரியது? இதற்கான விடையை அண்மைக்கால வரலாற்றிலிருந்தே தேடுவோம். சிறப்பாக, பொஸ்னியா நாட்டின் ஒரு சிறு நகரத்தின் வரலாறு நமக்கு நிறையக் கற்றுத் தருகிறது.

ஃபோச்சா நகரம்

பொஸ்னியாவின் கிழக்குப் பகுதியில், ட்ரினா ஆற்றங்கரையில் அமைந்துள்ளது ஃபோச்சா. 1991ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 40,000 மக்கள் அப்பிரதேசத்தில் வாழ்ந்தனர். அவர்களுள் பாதிக்குச் சற்று அதிகமானோர் முஸ்லிம்கள். எஞ்சியோரில் மிகப் பெரும்பாலானோர் சேர்பியர்கள். 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டப்பட்ட, வண்ண வேலைப்பாடுகளுக்குப் பேர் போன அலாஜா பள்ளிவாசல் அந்நகருக்கு அணி செய்தது. இரு சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே பாடசாலையில் படித்தனர். பெரியோர் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தனர்.

யுகோஸ்லாவியா சிதறுண்ட காலத்தில், 1992 ஏப்ரலில் பொஸ்னியாவில் போர் மூண்டது. ஏப்ரல் 8ஆம் திகதி ஃபோச்சா தாக்கப்பட்டது. அம்மாத நடுப்பகுதிக்குள் முழு நகரமும் சேர்பியப் படைகளின் வசமாயிற்று. அடுத்து வந்த மாதங்களில் சுற்றியுள்ள கிராமங்களும் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. ஆண்கள் பிரிக்கப்பட்டு அந்நகரச் சிறைச்சாலையில் அடைக்கப்பட்டனர், பலர் கொல்லப்பட்டனர். பெண்களும் சிறுமிகளும் குழந்தைகளும் வேறிடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். முதலில் ஓர் அணைக்கட்டு வேலைத்தளத்தின் தொழிலாளர் குடியிருப்பு; பின்னர் நகரின் உயர்தரப் பாடசாலை; அதன் பின்னர் பார்ட்டிசான் என்ற விளையாட்டு மண்டபம்.

அந்த மண்டபம் காட்டின் நடுவே இருக்கவில்லை. நகரின் மத்தியில், பொலிஸ் நிலையத்துக்கு அருகில் இருந்தது. அதன் வாயிலில் காவலர் நின்றனர். ஆயினும் ஒவ்வோர் இரவும் ஆயுதந்தரித்தோர் உள்ளே வந்து, பெண்களையும் சிறுமிகளையும் பெயர் சொல்லியோ விரல் நீட்டியோ அழைத்துச் சென்றனர். மறுத்தோர் அடிக்கப்பட்டனர். 1992 ஓகஸ்ட் மாதத்தில் பெரும்பாலானோர் நாட்டை விட்டு அனுப்பப்பட்ட போதிலும், சில சிறுமிகள் வீடுகளில் அடிமைகளாகத் தடுத்து வைக்கப்பட்டனர். சிலர் பணத்துக்கு விற்கப்பட்டனர். பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தி 200 ஜேர்மன் மார்க்குக்கு விற்கப்பட்டதாக நீதிமன்றப் பதிவு கூறுகிறது. அதன் பின்னர் அவளைப் பற்றி எந்தத் தகவலும் கிடைக்கவில்லை.

அவ்வாண்டிலேயே அலாஜா பள்ளிவாசலும் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. போர் முடிந்தபோது ஃபோச்சாவில் எஞ்சியிருந்த முஸ்லிம்கள் மிகச் சிலரே. பள்ளிவாசலைத் தகர்த்ததும் பெண்களைச் சிதைத்ததும் ஒரே நோக்கத்தின் இரு கரங்கள். இம்மக்கள் இனி இவ்வூருக்குத் திரும்பி வரவே கூடாது. வந்தாலும் தலை நிமிர்ந்து வாழக் கூடாது என்பதே அந்நோக்கம்.

ஆபத்து நெருங்கும் வழிகள்

ஐரோப்பியச் சமூகம் அனுப்பிய விசாரணைக் குழு, 1993ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பொஸ்னியாவில் ஏறத்தாழ 20,000 பெண்கள் வல்லுறவுக்கு உள்ளாகியிருக்கலாம் என மதிப்பிட்டது. இதனினும் உயர்ந்த மதிப்பீடுகளும் உண்டு. சரியான தொகை ஒருபோதும் தெரிய வராது. ஏனெனில் பேசாது மடிந்தோர் பலர். தொகையைவிட நாம் கவனிக்க வேண்டியது, இக்கொடுமை எவ்வழியாக வந்தது என்பதையே. காய்ச்சல் வருமுன் உடம்பில் அறிகுறிகள் தோன்றுவது போல, இதற்கும் முன்னறிகுறிகள் உண்டு.

முதலாவது, பேச்சு. ஒரு சமூகத்தின் பெண்களைப் பற்றி இழிவாகப் பேசுவதும், அவர்களுடைய பிள்ளைப்பேற்றைக்கூட ஓர் ஆபத்தாகச் சித்திரிப்பதும் துப்பாக்கிக்கு முன்பே வந்து சேரும். இரண்டாவது, பிரிப்பு. ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் நிறுத்தப்படும் அந்தக் கணத்திலிருந்து பெண்கள் முழு ஆபத்தில் இருக்கின்றனர். மூன்றாவது, மூடிய இடம்: முகாம், பாடசாலை, மண்டபம், தனி வீடு. நான்காவது, கேட்பார் இன்மை. முறையிட வேண்டிய இடத்தில் இருப்பவனே குற்றவாளியின் தோழனாக இருக்கும்போது, குற்றம் நாளாந்த வழக்கமாகிவிடுகிறது.

படிப்பும் பதவியும் இதிலிருந்து காப்பாற்றுவதில்லை. வடமேற்குப் பொஸ்னியாவின் பிரியேடோர் நகரில் நீதிபதியாகப் பணியாற்றியவர் நுஸ்ரெத்தா சிவாக். 1992இல் அவர் ஒமார்ஸ்கா தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். சுரங்க நிறுவனமொன்றின் வளாகத்தில் அமைந்த அம்முகாமில் ஆயிரக்கணக்கான ஆண்களுக்கிடையே 37 பெண்கள் இருந்தனர். பகலில் அவர்கள் உணவுச்சாலையில் வேலை செய்தனர். அவ்வேளையில் மேல்மாடி அறைகளில் கைதிகள் சித்திரவதை செய்யப்பட்டனர். மாலையில் இரத்தக் கறைகளைக் கழுவிவிட்டு, அதே அறைகளில் பெண்கள் உறங்க வேண்டியிருந்தது. இரவில் அவர்கள் வெளியே அழைக்கப்பட்டனர். அந்த 37 பேருள் ஐவர் உயிருடன் திரும்பவில்லை. முகாமை நடத்தியவர்களுள் பலர் அவருக்கு அறிமுகமான அதே ஊரவர்களே. 1992 ஓகஸ்டில் வெளிநாட்டுப் பத்திரிகையாளர் உள்ளே சென்று உலகுக்கு அறிவித்த பின்னரே அம்முகாம் மூடப்பட்டது.

இவை தொலைதூரத்துக் கதைகள் என்று எண்ணிவிட வேண்டாம். முப்பதாண்டு காலப் போரைக் கண்ட நம் நாட்டில், சோதனைச் சாவடி என்றால் என்ன என்பதை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1996 செப்டெம்பர் 7ஆம் திகதி, யாழ்ப்பாணத்தில் பரீட்சை எழுதிவிட்டுத் துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்பிய பாடசாலை மாணவியொருத்தி, செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டாள். படையினர் அவளைக் கூட்டு வல்லுறவுக்கு உட்படுத்திக் கொன்றனர். தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் 1998ஆம் ஆண்டு கொழும்பு மேல் நீதிமன்றம் படையினருக்கு மரண தண்டனை விதித்தது. அவள் ஒரு தமிழ்த் தாயின் மகள். அந்தத் தாயின் இடத்தில் நம் வீட்டு உம்மாமாரை வைத்துப் பார்த்தால், இவ்விடயத்தில் ‘நம்மவர்’, ‘பிறர்’ என்ற பேதத்துக்கு இடமே இல்லை என்பது விளங்கும்.

பேசிய பெண்களும் கேட்ட நீதிமன்றமும்

போரில் பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமை குற்றம் என்பது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட விடயமன்று. எனினும் இரண்டாம் உலகப் போரின் பின்னர் நிறுவப்பட்ட நியூரம்பர்க் நீதிமன்றத்தின் சாசனத்தில் வல்லுறவு என்ற குற்றம் பெயர் குறிப்பிடப்படவில்லை. 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை அதனைத் தடை செய்தது; ஆயினும் பெண்ணின் கௌரவத்தின் மீதான தாக்குதல் என்ற வகையிலேயே அதனை நோக்கியது. அவளுடைய உடலுக்கும் விருப்புக்கும் எதிரான வன்செயல் என்ற கோணத்தில் அது நோக்கப்படவில்லை. ஆகவே நடைமுறையில் நீண்ட காலம் ‘போரென்றால் இப்படித்தான்’ என்ற ஒரு வார்த்தையுடன் இக்குற்றம் ஒதுக்கித் தள்ளப்பட்டது.

இந்நிலையை மாற்றியவர்கள் பேசத் துணிந்த பெண்களே. 1994இல் ஆபிரிக்காவின் ருவாண்டாவில் நிகழ்ந்த இனப்படுகொலை தொடர்பாக, தாபா என்ற ஊரின் நிருவாகத் தலைவராயிருந்த அக்காயெசு என்பவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. முதற் குற்றப்பத்திரத்தில் பாலியல் வன்முறை இடம்பெறவே இல்லை. வேறு விடயங்களுக்குச் சாட்சி கூற வந்த பெண்கள், இடையில் இதையும் கூறினர். நீதிபதிகள் செவிமடுத்தனர், கேள்வி கேட்டனர். 1997இல் குற்றப்பத்திரம் திருத்தப்பட்டது. 1998 செப்டெம்பர் 2ஆம் திகதி, வல்லுறவும் இனப்படுகொலையின் ஒரு வடிவமாகலாம் என்ற வரலாற்றுத் தீர்ப்பு வழங்கப்பட்டது. அந்த நீதிபதிகள் குழாமில் இருந்த ஒரே பெண், தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் தமிழ் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த நவநீதம் பிள்ளை ஆவார்.

ஃபோச்சாவின் பெண்களும் பேசினர். 1993 மே மாதத்தில் ஐ.நா. பாதுகாப்புச் சபையால் நிறுவப்பட்ட யுகோஸ்லாவிய விசேட நீதிமன்றம், நெதர்லாந்தின் ஹேக் நகரில் அமர்ந்தது. அங்கே 2000ஆம் ஆண்டு மார்ச்சில் ஃபோச்சா வழக்கு விசாரணைக்கு வந்தது. தம்மைச் சிதைத்த மனிதர்கள் எதிரே அமர்ந்திருக்க, பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாட்சிக் கூண்டில் ஏறினர். அவர்களுடைய பெயர்களுக்குப் பதிலாக எழுத்துகளும் எண்களும் இடப்பட்டன. பெயர் மறைந்திருந்தது, ஆனால் உண்மை மறையவில்லை.

2001 பெப்ரவரி 22ஆம் திகதி, சாம்பியா நாட்டைச் சேர்ந்த ஃபுளோரன்ஸ் மும்பா என்ற பெண் நீதிபதி தலைமையிலான குழு தீர்ப்பளித்தது. டிராகொல்யுப் குனாராட்சுக்கு 28 ஆண்டுகளும், ராடொமிர் கொவாச்சுக்கு 20 ஆண்டுகளும், ஸொரான் வுகோவிச்சுக்கு 12 ஆண்டுகளும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வல்லுறவையும் பெண்களை அடிமைப்படுத்தியதையும் மானிட குலத்துக்கு எதிரான குற்றங்களாக அந்நீதிமன்றம் உறுதி செய்தது. 2002 ஜூன் 12ஆம் திகதி மேன்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது. குற்றவாளிகள் மூவரும் பெரும் தளபதிகளல்லர். கட்டளைக்குக் கட்டுப்பட்டவன், போர்ச் சூழலில் சிக்கியவன் என்று கூறி எவரும் தப்பிக்க முடியாது என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டிற்று. 2008 ஜூன் மாதத்தில் ஐ.நா. பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 1820ஆம் இலக்கத் தீர்மானம், பாலியல் வன்முறை ஒரு போர்த் தந்திரமாகப் பயன்படுத்தப்படுவதை வெளிப்படையாகக் கண்டித்தது.

நம்மவர் செய்தால்?

பொஸ்னியாவைப் பற்றிப் பேசும்போது நம் உள்ளம் கொதிக்கிறது. பாதிக்கப்பட்டோர் முஸ்லிம்கள் என்பதால் அக்கொதிப்பு நமக்கு எளிதாக வருகிறது. ஆனால் நீதியின் சோதனை அங்கில்லை. அக்கிரமம் செய்தவன் நம் பெயரைத் தாங்கியிருக்கும்போது நாம் என்ன சொல்கிறோம் என்பதிலேயே அது இருக்கிறது. நீதிக்காகச் சாட்சி கூறும்போது, அது தமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக அமைந்தாலும் பின்வாங்கக் கூடாதென அல்குர்ஆனின் நான்காவது அத்தியாயம் கட்டளையிடுகிறது. அக்கட்டளையை மனத்திற்கொண்டு மேலும் இரு வரலாறுகளைப் பார்ப்போம்.

1971 மார்ச் 25ஆம் திகதி முதல் டிசெம்பர் 16ஆம் திகதி வரை, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் பாகிஸ்தான் இராணுவமும் அதன் உள்ளூர்த் துணைப்படைகளும் நடத்திய கொடுமைகளில் பெருந்தொகையான பெண்கள் வல்லுறவுக்கு உள்ளாயினர். இரண்டு இலட்சம் பேர் என்பது பங்களாதேஷ் அரசின் கணிப்பு. அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தனர். இந்துப் பெண்களும் இருந்தனர். செய்தவர்களும் கலிமாச் சொன்னவர்களே. இதனை மறைப்பதால் மார்க்கத்துக்குப் பெருமை சேராது.

சுதந்திரம் கிடைத்ததும் புதிய அரசு அப்பெண்களுக்கு ‘பீராங்கனா’, அதாவது வீராங்கனை என்ற பட்டத்தை வழங்கியது. எண்ணம் உயர்ந்ததே. ஆனால் தெருவிலிருந்தோர் ஓர் எழுத்தை மாற்றி, ‘பாராங்கனா’ என்று அழைத்தனர். அதன் பொருள் விலைமாது. பட்டம் தந்த நாடே அதனை ஏசும் சொல்லாக்கிற்று. கணவன்மாரும் தந்தைமாரும் பலரை ஏற்க மறுத்தனர். எனவே அவர்கள் மீண்டும் மௌனமாயினர். 1999இல் சிற்பக் கலைஞர் ஃபெர்தௌசி பிரியபாஷினி தமக்கு நேர்ந்ததைப் பகிரங்கமாகக் கூறியபோது, போர் முடிந்து இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அப்பெண்களுக்குச் சுதந்திரப் போராளிகள் என்ற சட்டபூர்வ அந்தஸ்து 2015ஆம் ஆண்டிலிருந்தே வழங்கப்பட்டது. அதற்குள் எத்தனையோ பேர் மண்ணறைக்குச் சென்றுவிட்டனர்.

இரண்டாவது வரலாறு ஈராக்கின் சிஞ்சார் மலைப் பிரதேசத்துக்குரியது. 2014 ஓகஸ்ட் 3ஆம் திகதி, தம்மை இஸ்லாமிய அரசு என்று அழைத்துக்கொண்ட ஐ.எஸ். கும்பல், யஸீதி மக்களின் கிராமங்களைத் தாக்கியது. ஆண்கள் கொல்லப்பட்டனர். 6,000க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும், கடத்தப்பட்டனர். பெண்களும் சிறுமிகளும் அடிமைகளாக விற்கப்பட்டனர். இதனை அவர்கள் மார்க்கத்தின் பெயரால் நியாயப்படுத்தினர். ஆனால் அடுத்த மாதமே, உலகின் பல நாடுகளைச் சேர்ந்த 120க்கும் மேற்பட்ட உலமாக்களும் அறிஞர்களும் அக்கும்பலின் தலைவனுக்குப் பகிரங்க மடல் ஒன்றை வெளியிட்டனர். அடிமை முறையை மீண்டும் கொண்டு வருவது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என அதில் ஐயத்துக்கிடமின்றி அறிவித்தனர். அக்கொடுமையிலிருந்து தப்பி வந்து உலகெங்கும் சாட்சி கூறிய நாதியா முராத் 2018ஆம் ஆண்டு நோபல் சமாதானப் பரிசைப் பெற்றார். கடத்தப்பட்டோரில் 2,000க்கும் மேற்பட்டோரைப் பற்றி இன்று வரை தகவல் இல்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

சிலர், ‘இவற்றையெல்லாம் பள்ளிவாசல் மிம்பரில் பேசலாமா?’ என்று கேட்பர். பேசாதிருந்தால் யாருடைய குரல் மட்டும் ஒலிக்கும் என்பதைச் சிஞ்சார் காட்டிவிட்டது. நபி (ஸல்) அவர்கள் போர்க்களத்தில் ஒரு பெண் கொல்லப்பட்டுக் கிடப்பதைக் கண்டு, பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதைத் தடை செய்தார்கள். இது புகாரியில் பதிவான செய்தி. ஷாம் தேசத்துக்குப் படையை வழியனுப்பிய அபூபக்ர் (ரழி) அவர்களும் பெண்கள், குழந்தைகள், முதியோர் ஆகியோரைத் தீண்டாதிருக்குமாறு கட்டளையிட்டார்கள்.

வல்லுறவுக்கு உள்ளான பெண்ணைப் பற்றியும் நம் நூல்களில் தெளிவான நிலைப்பாடு உண்டு. நபியவர்களின் காலத்தில், தொழுகைக்காக வெளியே சென்ற பெண்ணொருவர் வழியில் வல்லுறவுக்கு உள்ளானார். அவர் முறையிட்டபோது நபியவர்கள் அவரைக் கண்டிக்கவுமில்லை, தண்டிக்கவுமில்லை. ஆறுதல் கூறி அனுப்பினார்கள். ஏன் வெளியே சென்றாய் என்ற கேள்வி அங்கே எழவில்லை. இச்செய்தி அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தமது முவத்தாவில், பலாத்காரம் செய்தவனுக்கே தண்டனை, பாதிக்கப்பட்டவளுக்குத் தண்டனை இல்லை என்று எழுதியுள்ளார்கள். நிர்ப்பந்திக்கப்பட்டவளின் மீது குற்றமில்லை என்பது சூறா அந்நூரின் 33ஆவது வசனம் உணர்த்தும் கருத்து. அதே சூறா, பத்தினிப் பெண்கள் மீது ஆதாரமின்றி அவதூறு கூறுவோருக்கு எண்பது கசையடி என்று விதித்துள்ளது. அப்படியிருக்க, முகாமிலிருந்து திரும்பிய ஒரு பெண்ணைப் பற்றித் தேநீர்க் கடையில் வம்பு பேசுவோர் எந்த மார்க்கத்தைப் பின்பற்றுகின்றனர்?

வீட்டு வாசலில் முடிவாகும் விடயம்

இப்போது நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். போரில் பெண்ணைச் சிதைப்பவன் ஒரு கணக்குப் போடுகிறான். நான் இவளை விட்டுவிட்டாலும் இவளுடைய சமூகம் இவளை விடாது. கணவன் ஏற்க மாட்டான், தந்தை முகம் பார்க்க மாட்டார், குடும்பம் உடையும், ஊர் சிதறும் என்பதே அக்கணக்கு. அவனுடைய ஆயுதத்தின் பாதி வலிமை நம்மிடமே இருக்கிறது. பழியை அவள் தலையில் நாம் சுமத்தும் ஒவ்வொரு முறையும், எதிரி தொடங்கிய வேலையை நாமே முடித்து வைக்கிறோம். பழியை உரியவனிடமே திருப்பிக் கொடுத்தால் அவனுடைய கணக்குப் பொய்த்துப் போகும்.

இது நடைமுறையில் இயலுமா? யஸீதி மக்களின் வரலாறு ஒரு சான்று. தம் சமயத்துக்கு வெளியே உறவு கொண்டோரை, அது எவ்விதம் நேர்ந்தாலும், விலக்கி வைப்பது அவர்களுடைய பழைய வழக்கம். ஆனால் 2014இல் அவர்களின் உயர் சமயத் தலைவர் பாபா ஷேக் குர்தோ ஹாஜி இஸ்மாயில், தப்பி வரும் பெண்கள் அனைவரும் சமூகத்தின் பிள்ளைகளே, அவர்களை அன்புடன் வரவேற்க வேண்டும் என்று அறிவித்தார். லாலிஷ் என்னும் புனிதத் தலத்தில் அவர்களைத் தாமே வரவேற்றார். ஒரு முதியவரின் சொல், நூற்றாண்டுகால வழக்கத்தைத் திருப்பிவிட்டது. எனினும் அப்பெண்கள் ஈன்ற குழந்தைகளுக்கு அவ்வாசல் இன்னும் திறக்கப்படவில்லை. தாயா, பிள்ளையா என்று தேர்ந்தெடுக்கும் கொடுமைக்குப் பலர் உள்ளாயினர். சமயத் தலைவர்களின் சொல்லுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கும், அச்சொல் பாதியில் நின்றால் எவ்வளவு துயரம் எஞ்சும் என்பதற்கும் இது சாட்சி.

பொஸ்னியாவிலும் பாதை நீண்டதாகவே இருந்தது. 1993இல் போர் நடந்துகொண்டிருக்கும்போதே செனிட்சா நகரில் மெடிக்கா என்ற சிகிச்சை நிலையம் பெண்களுக்காகத் திறக்கப்பட்டது. மருத்துவமும் உளவள ஆலோசனையும் தங்குமிடமும் அங்கே ஒன்றாகக் கிடைத்தன. 2006ஆம் ஆண்டு பொஸ்னியக் கூட்டாட்சிப் பகுதியில், வல்லுறவுக்கு உள்ளான பெண்கள் போரினால் பாதிக்கப்பட்ட குடிமக்களாகச் சட்டத்தால் ஏற்கப்பட்டு, மாதாந்தக் கொடுப்பனவுக்கு உரித்துடையோராயினர். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கும் அவ்வங்கீகாரம் கிடைக்க 2023ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1992இல் தகர்க்கப்பட்ட அலாஜா பள்ளிவாசல் 2019 மே மாதத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. கற்களை எடுத்து அடுக்கி ஒரு பள்ளிவாசலை மீளக் கட்டுவதற்கே இருபத்தேழு ஆண்டுகள் சென்றன. உடைந்த ஓர் உள்ளத்துக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பெற்றோர்களே! 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக் கொட்டில்களில் வாழ்ந்த நம் மக்கள், முகாம் வாழ்க்கையின் இருட்டை அறிவர். இடம்பெயர்வின்போது முதலில் நினைவுக்கு வர வேண்டியது பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு. மலசலகூடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அங்கே விளக்கு உண்டா, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, தண்ணீர் அள்ளவும் விறகு பொறுக்கவும் யார் தனியே செல்கின்றனர் என்பவை சிறு விடயங்களல்ல. நிவாரணக் குழுக்களில் பெண்களும் இடம்பெறுவது இதற்காகவே அவசியம்.

அச்சத்தின் காரணமாகப் பிள்ளையை அவசரமாக மணமுடித்துக் கொடுப்பதும் பாதுகாப்பாகாது. ஜோர்தானில் தஞ்சமடைந்த சிரிய நாட்டவரிடையே பதிவான திருமணங்களில், மணமகள் 18 வயதுக்குக் குறைந்தவளாக இருந்தவை 2012இல் 18 சதவீதம்; 2013இல் 25 சதவீதம். பெற்றோர் தீமையை எண்ணிச் செய்ததன்று. மகளைக் காப்பாற்றுவதாக எண்ணியே செய்தனர். ஆனால் படிப்பு நின்றது; இளம் வயதில் பிள்ளைப்பேறு வந்தது; முன்பின் தெரியாதவனிடம் அவள் தனித்து விடப்பட்டாள். வெளியே இருந்த ஆபத்துக்கு அஞ்சி, வீட்டுக்குள்ளேயே இன்னோர் ஆபத்தை வரவழைக்க வேண்டாம்.

மேலாக, உங்கள் பிள்ளைக்கு ஒன்றை இப்போதே தெரியப்படுத்துங்கள். அவளுக்கு எத்தகைய தீங்கு நேர்ந்தாலும், முதலில் ஓடி வர வேண்டிய இடம் வாப்பாவினதும் உம்மாவினதும் மடி என்பதை அவள் அறிந்திருக்க வேண்டும். துன்பம் வந்த பிறகு இதைச் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். சமாதான காலத்தில் சொல்லி வளர்த்தால்தான் அந்த இருண்ட நாளில் அது அவளுக்கு வழிகாட்டும். மருத்துவரிடமும் பொலிஸாரிடமும் சட்டத்தரணியிடமும் அவளுடன் கூடச் செல்வது மானக்கேடன்று; கூடச் செல்லாதிருப்பதே மானக்கேடு.

இளைஞர்களே! ஃபோச்சாவில் அக்கொடுமைகளைச் செய்தோர் வேற்றுலகிலிருந்து வந்தவர்களல்லர். அவர்களும் ஒரு தாயின் பிள்ளைகளே; அதே ஆற்றங்கரையில் வளர்ந்தவர்களே. போர் அவர்களுக்கு ஆயுதத்தையும் துணிவையும் கொடுத்தது. பெண்ணை இழிவாக நோக்கும் நோய் அதற்கு முன்பே அவர்களிடம் இருந்தது. பேருந்தில் ஒரு பெண்ணைச் சீண்டும்போதும், வேற்றுச் சமூகத்துப் பெண்களைப் பற்றிக் கூட்டாக இழிமொழி பேசும்போதும், கைபேசியில் ஒரு பெண்ணின் படத்தைப் பரப்பும்போதும் அந்நோய்க்கே நாம் உணவளிக்கிறோம். நண்பர்கள் அவ்வாறு செய்யும்போது, ‘இது தவறு’ என்று சொல்லும் ஒருவனாக இருங்கள். ஃபோச்சாவின் அந்த மண்டபத்தின் வாயிலில் நின்ற காவலர்களுள் ஒருவனேனும் அவ்வாறு சொல்லியிருந்தால் ஒரு சிறுமியாவது அந்த இரவில் தப்பியிருக்கக் கூடும்.

யுவதிகளே! உங்களுக்கு எதிராக எவன் அக்கிரமம் செய்தாலும், அந்தப் பாவத்தின் பதிவு அவனுடைய ஏட்டிலேயே எழுதப்படுகிறது; உங்களுடைய ஏட்டில் அதன் ஒரு புள்ளிகூட விழுவதில்லை. ஹேக் நகரில் சாட்சிக் கூண்டில் ஏறிய அந்தப் பெண்கள் உலகத்துக்குக் கற்பித்தது இதையே. அவர்கள் தம் பெயரைச் சொல்லவில்லை. குற்றவாளியின் பெயரை உலகறியச் சொன்னார்கள்.

அநீதி இழைக்கப்பட்டோரின் முறையீட்டுக்கும் தனக்கும் இடையே திரையை வைக்காத இறைவன், நம் வீட்டு வாசல்களையும் அவர்களுக்காகத் திறந்து வைக்கும் உள்ளத்தை நமக்குத் தந்தருள்வானாக. வஸ்ஸலாம்.